வேலை கிடைக்காத காரணத்தை வக்கீல் நோட்டீஸ் விட்டுக் கேட்கலாமா?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளம் வரை பேசினார்கள். அப்புறம் ‘தேர்வாகவில்லை’ என்று ஒரு வரி மெயில். என்னைவிட அனுபவம் குறைந்தவரை எடுத்திருக்கிறார்கள். நேற்று ஹெச்.ஆரிடம் போனில் கேட்டேன். “உங்களுக்கு இப்பதானே கல்யாணம் ஆச்சு, அதான் மேனேஜர் யோசிச்சார்” என்றார். எழுத்தில் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா? மேனேஜர் பெயரைப் போட்டு லிங்க்ட்இன்னில் எழுதவும் நினைக்கிறேன்.

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது அந்த ஹெச்.ஆர். சொன்ன ஒரு வரிதான். சம்பளம் பேசியதும், அனுபவம் குறைந்தவரை எடுத்ததும் மனதை நோகடிக்கும், வழக்கில் நிற்காது. காரணம் சொல்லும் கடமை தனியார் நிறுவனத்துக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அங்கே செல்லாது.

ஆனால் வேலைக்கு எடுக்கும்போது பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் 3-ஆவது பிரிவும் அதைச் சொல்கிறது. புதிதாகக் கல்யாணமான ஆணைப் பற்றி அந்த மேனேஜர் இப்படி யோசித்திருப்பாரா? உங்கள் வாதம் இவ்வளவுதான்.

அந்த வரி இன்னும் வாய்வார்த்தையாகவே இருக்கிறது. நோட்டீஸ் போன மறுநிமிடம் விஷயம் அவர்களுடைய வக்கீல் கைக்குப் போய்விடும். ‘பணிக்கு மேலும் பொருத்தமானவர் தேர்வு செய்யப்பட்டார்’ என்று பதில் வரும். ஹெச்.ஆரும் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, அப்படிச் சொல்லவே இல்லை என்பார். கோபத்தில் நோட்டீஸ் விட்டு, எதிராளிக்கு நாமே சாட்சியம் தயாரித்துக் கொடுத்ததை என் கட்சிக்காரர்களிடம் பலமுறை பார்த்துவிட்டேன்.

அதனால் இன்றைக்கே ஹெச்.ஆருக்கு நான்கு வரி மெயில் போடுங்கள். “நேற்று பேசியதற்கு நன்றி. எனக்குச் சமீபத்தில் திருமணமானதால் மேனேஜர் தயங்கியதாகச் சொன்னீர்கள். வேறு ஏதாவது குறை இருந்தால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன்.” மிரட்டலோ சட்டப்பிரிவோ வேண்டாம். மறுக்காமல் பதில் போட்டாலே உங்களுக்குப் பலம். பதிலே வராவிட்டாலும், நடந்த மறுநாளே எழுதிய பதிவு ஒன்று உங்களிடம் இருக்கும். போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய போனை விற்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. மின்னணுச் சாட்சியத்துக்கு, அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் தர வேண்டிய இடத்தில் திணறிப்போனார்கள்.

லிங்க்ட்இன் பதிவைத் தயவுசெய்து கைவிடுங்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான். ‘நடந்ததைத்தானே எழுதுகிறேன்’ என்பீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356-ஆவது பிரிவின்படி உண்மை என்பது மட்டும் போதாது; பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஹெச்.ஆர். மறுத்துவிட்டால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? தண்டனை இரண்டு ஆண்டு வரை போகலாம். வேலை தேடும் நேரத்தில் அவதூறு வழக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டிவரும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். வழக்குப் போட்டாலும், அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கும் உத்தரவு கிடைப்பது மிக அரிது. மெயிலைப் பார்த்து அவர்கள் இறங்கிவந்து மறுபடி கூப்பிட்டாலோ, வேறு பிரிவில் இடம் தருவதாகச் சொன்னாலோ, பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய வேலையை மட்டும், நியமன ஆணை கையில் வரும் வரை விடாதீர்கள்.