மின்சார ஸ்கூட்டரில் 22 சதவீதம் காட்டிய சார்ஜ் சட்டென்று 9 ஆகிவிட்டது. பேட்டரி போய்விட்டதா, கம்பெனி ஏமாற்றுகிறதா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. உங்கள் வண்டியில் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். என் வண்டியும் அதே வகைதான். சென்ற பங்குனியில் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும்போது 24 காட்டிக்கொண்டிருந்தது, ஊர் எல்லையை நெருங்கும்போது 11 ஆகிவிட்டது. பதினைந்து ஆண்டுகளாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கே நெஞ்சு திக்கென்றது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் தெரியும் சதவீதத்தை யாரும் அளப்பதில்லை. பெட்ரோல் டாங்கில் மிதவை இருக்கிறது, எண்ணெய் குறைந்தால் அதுவும் இறங்கும். பழைய ஈய அமில பேட்டரியிலும் அளக்க வழி உண்டு. அதில் அமிலமே வேதிவினையில் சேர்ந்து செலவாவதால், ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தால் போதும்: 1.28-ஐ ஒட்டி நின்றால் முழுச் சார்ஜ், 1.15 அளவுக்கு இறங்கினால் அநேகமாகக் காலி. நான் தொழில் கற்றுக்கொண்டதே அப்படித்தான். லித்தியம் செல்லில் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வருகின்றன. நடுவிலுள்ள திரவம் அவற்றுக்கு வழி மட்டுமே, அது செலவாவதில்லை. அதனால் உறிஞ்சிப் பார்க்கவும் ஒன்றுமில்லை.

வண்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கிடைப்பவை மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் ஆகிய மூன்று அளவுகள். இவற்றை வைத்து மீதியை அது கணித்துச் சொல்ல வேண்டும்.

முதல் வழி, வரவு செலவு எழுதுவது. எத்தனை ஆம்பியர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று நொடிக்கு நொடி கூட்டிக் கழிக்கிறது. கணக்குப்பிள்ளை அன்றாடம் ஒரு சிறு தொகையைத் தவறாக எழுதினால் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது என்ன ஆகும்? இங்கும் அதேதான். மின்னோட்டத்தை அளக்கும் உணரி 0.1 ஆம்பியர் தவறாகப் படித்தால் 100 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி பிசகிவிடும். 30 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது மூன்றில் ஒரு பங்கு.

எனவே மின்னழுத்தத்தையும் பார்த்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எங்கள் பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் கீழே போகும். நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி மேலே வரும். மோட்டார் ஓடும்போது எட்டிப் பார்த்து இவ்வளவுதான் தண்ணீர் என்று சொன்னால் தவறு. செல்லும் அப்படியே. ஆக்சிலேட்டரை முறுக்கினால் அழுத்தம் சட்டென்று விழும், விட்டால் ஒரு பகுதி உடனே எழும், மீதி நிதானமாக ஏறும். இந்த நடத்தையைக் காகிதத்தில் ஒரு சிறு மின்சுற்றாக வரைந்துவிடலாம்: ஒரு மின்மூலம், ஒரு மின்தடை, அதோடு தொடராக, ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்த்த இன்னொரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும். இதைத்தான் பேட்டரி மாதிரி (மாடல்) என்கிறார்கள். செல்லுக்குள் அயனிகள் பரவுவதையே சமன்பாடுகளாக எழுதிய மாதிரியும் உண்டு. டாயில், ஃபுல்லர், நியூமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993-இல் வெளியிட்டது அது. செல் வடிவமைப்பவர்களுக்கு அது பெரும் கொடை. ஆனால் ஸ்கூட்டரிலுள்ள சிறிய சில்லுக்கு அந்தக் கணக்கு மிகப் பெரிய சுமை, ஆகவே மின்சுற்று மாதிரியே வழக்கத்தில் இருக்கிறது.

மாதிரி ஒரு மின்னழுத்தத்தை முன்கூட்டிச் சொல்லும், உணரி உண்மையான அழுத்தத்தைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு சதவீதத்தைத் திருத்தலாம். பொறியாளர் ருடால்ஃப் கால்மன் 1960-இல் தந்த ‘கால்மன் வடிகட்டி’ என்ற கணக்கு முறை இது. அப்போலோ விண்கலத்துக்கு வழிகாட்டிய அதே கணக்கு. கிரெகரி பிளெட் என்ற ஆய்வாளர் 2004-இல் இதை வாகன பேட்டரிகளுக்குப் பொருத்தி மூன்று கட்டுரைகள் எழுதினார். நிலாவுக்குப் போன கணக்கு நம் ஊர் ஸ்கூட்டருக்குள் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இப்போது உங்கள் 22-க்கு வருகிறேன். செட்டிநாட்டு ஊருணிகளைப் பார்த்திருப்பீர்கள், அகலம் அதிகம். குடம் குடமாக மொண்டாலும் மட்டம் குறைந்தது தெரியாது. எல்.எஃப்.பி. செல்லும் அந்த வகை: ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 20 வரை அழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், மாற்றம் மில்லிவோல்ட் கணக்கில்தான். திருத்துவதற்கு அங்கே துப்பு கிடைப்பதில்லை. வரவு செலவில் நேர்ந்த பிழை அப்படியே சேர்ந்துகொண்டு வரும். அடியை நெருங்கும்போது அழுத்தம் வேகமாகச் சரியும், அப்போதுதான் பி.எம்.எஸ். உண்மையைக் கண்டு ஒரே தாவலில் கணக்கைத் திருத்தும். நீங்கள் பார்த்த வீழ்ச்சி அதுதான். சார்ஜ் அந்தக் கணத்தில் காணாமல் போகவில்லை, முன்பே செலவாகியிருந்தது.

என் தவறு என்னவென்றால், ‘80-க்கு மேல் போடாதே’ என்ற அறிவுரையை இரண்டு மாதம் அப்படியே பின்பற்றியதுதான். நிக்கல் கலந்த செல்களுக்கு அது நல்ல பழக்கம். எல்.எஃப்.பி.க்கோ முழுச் சார்ஜின்போதுதான் இருப்பை எண்ணிக் கணக்கைச் சரிபார்க்க முடியும். செல் 3.65 வோல்ட்டை நெருங்கும்போது சார்ஜர் அழுத்தத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகும். முன்னதாக நிரம்பிய செல்களின் மிகுதியை மின்தடை வழியே வடித்து, எல்லா செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையும் பெரும்பாலான பேட்டரி பேக்குகளில் (செல்களைக் கோத்த பெட்டிகளில்) அப்போதுதான் நடக்கும். கடைசிச் சில சதவீதம் ஊர்ந்து ஏறுவது அதனால்தான். பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

100 காட்டிய பிறகும் சார்ஜர் தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள். வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு போடாமல் வண்டி ஆறிய பிறகு போடுங்கள், சூடு செல்லின் ஆயுளைத் தின்னும். என் வண்டியில் இப்படி இரண்டு முறை செய்ததும் தாவல் நின்றுவிட்டது.

உங்களுக்கு அதற்குப் பிறகும் அதே இடத்தில் விழுந்தால் ஒரு செல் நலிந்திருக்கலாம். தொடராகக் கோத்த செல்களில் ஒன்று காலியானாலும் வண்டி நிற்கும். பேக்கை நீங்களாகத் திறக்க வேண்டாம். சர்வீஸில் ஒவ்வொரு செல்லின் அழுத்தத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை சதவீதத்தில் விழுந்தது என்பதையும் தேதியோடு குறித்துக்கொண்டு போங்கள்.