உடைய வேண்டிய சிலம்பு

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி வேடம். மேடையில் சிலம்பை உடைக்க வேண்டுமாம். கடையில் வாங்கிய சிலம்பு எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் உடையவில்லை. வீட்டிலேயே காகிதத்தில் செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம். காகிதத்தில் செய்தால்தான் அந்தக் காட்சியே சரியாக வரும்.

அதற்கு முன்னால் ஒன்று. பள்ளி நாடகங்களில் கண்ணகி தன் கையில் கொண்டுவந்த சிலம்பையே தரையில் அடித்து உடைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் அப்படி இல்லை. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை அரசன் கொண்டுவரச் சொல்லி, அவள் முன்னால் வைக்கிறான். அதைத்தான் அவள் உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல். உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தவுடன்தான் பாண்டியனுக்குத் தன் பிழை விளங்குகிறது. அவள் கையில் இருக்கும் இணைச் சிலம்பு அங்கே உடைவதில்லை. ஆகவே பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு சிலம்பு வேண்டும். ஒன்று கெட்டியாக, ஒன்று உடையும்படி. டீச்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கட்டாயம் ஒத்துக்கொள்வார்.

நிஜச் சிலம்பின் அளவில் செய்தால் மூன்றாவது வரிசைக்கே தெரியாது. உள்வட்டம் நான்கு அங்குலம், தடிமன் ஒன்றேகால் அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளைக் கயிறு போல முறுக்கி, வளையமாக்கி, டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றுங்கள். இதுதான் அச்சு. ஒரு கரண்டி மைதாவுக்கு நான்கு கரண்டி தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சிய பசையில், விரல் அகலத்துக்குக் கிழித்த செய்தித்தாள் துண்டுகளை நனைத்து அச்சின் மேல் ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால்தான் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் பிசிறாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மேடு தெரியாது. நான்கு சுற்று போதும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், குழந்தை கையில் புழங்கும் பொருளுக்கு வேண்டாம். என் அம்மா காகிதக் கூழில் கூடை செய்யும்போது வெந்தயத்தை ஊறவைத்துச் சேர்த்து அரைப்பார். நானும் அந்த வெந்தய விழுதில் ஒரு கரண்டியைப் பசையில் கலந்துகொள்கிறேன்.

நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் வெயிலில் வையுங்கள். தட்டினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். அப்புறம் பிளேடால், பன்னைக் குறுக்கே வெட்டுவது போல வளையம் முழுக்க மேல் பாதி, கீழ் பாதியாக அறுத்து அச்சை எடுத்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பது இரண்டு அரை ஓடுகள்.

உடையும் சிலம்பில் எல்லாமே இந்த ஓடுகளை மறுபடி சேர்க்கும் இடத்தில்தான் இருக்கிறது. முதல் தடவை செய்தபோது நான் மூட்டு முழுக்கப் பசை தடவி, மேலே இரண்டு சுற்றுக் காகிதமும் ஒட்டிவிட்டேன். ஒத்திகையில் அந்தப் பெண் மூன்று முறை ஓங்கி அடித்தாள், சிலம்பு பந்து மாதிரி எகிறிப் போனது. அவள் கண் கலங்கி நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு மூட்டில் பசையே தடவுவதில்லை. டிஷ்யூ பேப்பரைக் கட்டைவிரல் நக அளவுக்குக் கிழித்து, எட்டே எட்டு இடத்தில் ஒட்டுகிறேன். மீதிக் கோட்டைப் பெயின்ட் மறைத்துவிடும்.

பரலுக்குக் கண்ணாடி மணி வேண்டாம். வெறுங்காலோடு நடிக்கும் பிள்ளைகள் மிதித்தால் வழுக்கும், குத்தும். சிவப்புக் கல்யாணப் பத்திரிகையை நீள முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்திலிருந்து தென்னை ஈர்க்கில் சுருட்டி, நுனியில் ஃபெவிகால் வைத்தால் நடு பருத்த மணி கிடைக்கும். கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். சிவப்பு நகப்பூச்சு இரண்டு தடவை பூசினால் விளக்கு வெளிச்சத்தில் நன்றாக மின்னும். நாற்பது மணி போடுங்கள். கையில் பிடிக்கும் சிலம்புக்குள் காகித மணி போட்டால் சத்தம் வராது. அதில் பத்துப் பதினைந்து புளியங்கொட்டை போட்டு, மூட்டை நன்றாக இறுக்கி ஒட்டிவிடுங்கள்.

உடையும் சிலம்பு மூன்று செய்யுங்கள். ஒன்று வீட்டில் உடைத்துப் பார்க்க, ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று மேடைக்கு. ஆண்டு விழா அன்று காலையில் செய்யலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், ஈரம் காயாத காகிதம் உடையாது.

கேள்வி: அட்டையில் செய்த ஒட்டியாணத்துக்குத் தங்க நிறம் அடித்தேன். மஞ்சள் பூசிய அட்டை போலத்தான் இருக்கிறது. என்ன தவறு?
- ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: வெள்ளை அட்டை மேல் நேராக அடித்திருப்பீர்கள். முதலில் செங்காவி அல்லது அரக்கு நிறம் அடித்துக் காயவிடுங்கள். அதற்கும் முன்னால் பூ வேலை, ஓரக் கம்பி வரும் இடமெல்லாம் சணல் நூலை ஒட்டிக்கொள்ளுங்கள். தங்க நிறத்தைப் பிரஷில் மிகக் குறைவாகத் தொட்டு, மேடுகள் மேல் மட்டும் படும்படி தேயுங்கள். பள்ளத்தில் அரக்கு அப்படியே நிற்கும், பழைய கோயில் நகையின் ஆழம் வந்துவிடும். உள்பக்கம் பருத்தித் துணி ஒட்ட மறக்காதீர்கள். வியர்வை பட்டால் அட்டை ஊறிவிடும்.

கேள்வி: நெற்றிச்சுட்டியில் கெம்புக் கல்லுக்குப் பதில் குன்றிமணி பதிக்கலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வேண்டவே வேண்டாம். அழகுதான், ஆனால் தோல் உடைந்தால் உள்ளே இருப்பது கடும் நஞ்சு. ஊசியால் துளை போட்டாலும் ஆபத்து. குழந்தை வாயில் வைத்துவிட்டால் உயிருக்கே மோசம். வேறு வழி சொல்கிறேன். சாக்லேட் சுற்றி வரும் வெள்ளி ஃபாயிலைக் கல்லின் அளவுக்கு வெட்டி ஒட்டி, அதன் மேல் கண்ணாடி போன்ற சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு, குமிழாக நிற்கும்படி விடுங்கள். ஒரு இரவு அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளி இருப்பதால் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும், கெம்பு போலவே இருக்கும். சுற்றிலும் முத்து வரிசைக்கு ஜவ்வரிசி ஒட்டுங்கள்.