இசை இல்லாத 'த நேரோ மார்ஜின்'

"பின்னணி இசையே இல்லை, வெறும் ரயில் சத்தம், பாதியில் நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பரே, ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய இந்த 1952 ஹாலிவுட் படத்துக்கு அந்தச் சத்தம்தான் இசை! ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

நடிகை மேரி வின்ட்சர் எரிச்சலோடு நகத்தை அரத்தால் பரபரவென்று தேய்ப்பார். அந்த வேகம் அப்படியே ரயில் சக்கரங்களின் ஓட்டமாக மாறும். எனக்கு இன்றும் சிலிர்க்கும் காட்சி மாற்றம் அது.

அப்புறம் ரயில் பெட்டியின் அந்த ஒடுங்கிய நடைவழி. பருமனான ஒருவர் வழியை அடைத்து நிற்க, போலீஸ்காரராக வரும் சார்லஸ் மெக்ரா உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைவார். எதிரே வருகிறவர் வெறும் பயணியா, கொலைகாரனா? ஒதுங்க இடமே இல்லை. துரத்தலே இல்லாமல் பதற்றம் ஏறுகிறது.

மொத்தமே 71 நிமிடம்தான். கதைச்சுருக்கம் மட்டும் எங்கேயும் படித்துவிடாதீர்கள், ஒரு பெரிய திருப்பம் காத்திருக்கிறது.