பெயர் என்ன, கல்லூரி எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா காலத்து ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவனின் கதையான ‘வெர்டன்ட் கிரீன்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதன் படங்களைத் தேடிப் பார்த்தேன். சிரித்து மாளவில்லை. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இங்கே மாணவர்கள் எங்களைப் பற்றி ஒரு மீம் போட்டாலே விசாரணைக் கமிட்டி உட்கார்ந்துவிடுகிறது. அங்கே அந்தக் காலத்திலேயே அதிகாரிகளைக் கேலி செய்து புத்தகமே போட்டிருக்கிறார்கள். கண்டிப்பிலும் ஒரு பெருந்தன்மை இருந்த காலம் அது என்று நினைக்கிறேன். சரிதானா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மாணவர்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்தக் கண்டிப்பு மாணவர்களோடு நிற்கவில்லை.

முதலில் படங்கள். 1853இல் அந்தக் கதையின் முதல் பாகம் வந்தது. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே: எட்வர்ட் பிராட்லி. படித்தது டரம் பல்கலைக்கழகத்தில். அந்த ஊர்ப் பேராலயத்தில் அடக்கமான இரண்டு புனிதர்களின் பெயர்களைச் சேர்த்து ‘கத்பர்ட் பீட்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கண்ணாடி போட்ட அப்பாவிப் பையனான வெர்டன்டை உட்காரவைத்து, சீனியர்கள் ஒரு போலித் தேர்வு நடத்துவார்கள். அவனும் பயந்து நடுங்கி எழுதுவான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பல்கலைக்கழகத்தின் அதிகாரத் தோரணை எவ்வளவு சுலபமாக நடித்துக்காட்டக் கூடியது என்று அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். கேம்பிரிட்ஜிலும் இந்த மரபு உண்டு. ஒத்த சொற்களின் அகராதியான தெசாரஸைத் தொகுத்த ரோஜெட்டின் மகன் ஜான் லூயிஸ் ரோஜெட், தான் படித்த அந்தப் பல்கலைக்கழகத்தின் பழக்கவழக்கங்களைக் கேலிப்படங்களாக வரைந்து 1859இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்.

இந்த மாணவ உலகின் வில்லன் புரோக்டர். ஒழுங்கைக் கவனிக்க வருடாவருடம் நியமிக்கப்படும் பல்கலைக்கழக ஆசிரியர். இருட்டியதும் அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக ரோந்து கிளம்புவார். பின்னாலேயே உயரத் தொப்பி வைத்த இரண்டு ஆட்கள். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பது அவர்கள் வேலை. மாணவர்கள் அவர்களை ‘புல்டாக்’ என்றே அழைத்தார்கள். அகப்பட்டவனிடம் புரோக்டர் தன் தொப்பியை லேசாகத் தூக்கி மரியாதையாகக் கேட்பார்: உங்கள் பெயர் என்ன, கல்லூரி எது? கேம்பிரிட்ஜில் அங்கி இல்லாமல் இரவில் திரிந்தால் அபராதம் 6 ஷில்லிங் 8 பென்ஸ். தப்பு பெரிதென்றால் மாலைக்கு மேல் கல்லூரி வாசலைத் தாண்டக்கூடாது, அல்லது கொஞ்ச காலம் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும். பிடிப்பவரும் பிடிபடுபவனும் ஒரே வர்க்கம். நாளைக்கு இவனே புரோக்டர் ஆகலாம். அதனால்தான் அந்தச் சிரிப்பில் பயமே இல்லை.

அதே புரோக்டர், அதே இரவில், அதே தெருவில் ஓர் ஏழைப் பெண்ணைப் பார்த்தால் தொப்பியைத் தூக்க மாட்டார். மாணவர்களைக் கெடுப்பவள் என்ற சந்தேகம் போதும், கேம்பிரிட்ஜில் அவளைப் பிடித்து ‘ஸ்பின்னிங் ஹவுஸ்’ என்ற பல்கலைக்கழகத்தின் சொந்தச் சிறையில் அடைக்கலாம். முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சாசனம் கொடுத்த அதிகாரம். விசாரிப்பவர் துணைவேந்தர். விசாரணை சிறைக்குள்ளேயே, மூடிய கதவுக்குப் பின்னால்.

1846 குளிர்காலத்தில் எலிசபெத் ஹோவ் என்ற 19 வயதுப் பெண்ணை அப்படி அடைத்தார்கள். ஈரப் படுக்கையில் ஓர் இரவு. காய்ச்சல் கண்டு சில வாரங்களில் இறந்துபோனாள். மரண விசாரணையில் ஜூரிகளே இந்த அதிகாரத்தைக் கண்டித்தார்கள். ஆனாலும் அது போகவில்லை. 1860இல் மாணவர்களோடு விருந்துக்குக் கிளம்பிய பெண்களை வண்டியை நிறுத்திப் பிடித்தார்கள். அவர்களில் எம்மா கெம்ப் தையல் வேலை செய்பவர். அவர் துணைவேந்தர் மேல் வழக்குப் போட்டார். நீதிபதி என்ற முறையில் செய்ததற்குத் துணைவேந்தர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1891இல் டெய்சி ஹாப்கின்ஸ். வயது 17. குற்றம் என்ன தெரியுமா? பல்கலைக்கழக உறுப்பினர் ஒருவருடன் நடந்து சென்றது! 14 நாள் சிறை. அப்படி ஒரு குற்றமே சட்டத்தில் இல்லை என்று லண்டன் நீதிமன்றம் அவளை விடுவித்தது. கூட நடந்தவனுக்குச் சிறை இல்லை. அப்புறம் அவள் புரோக்டர் மேல் போட்ட வழக்கு தோற்றது. பெண்களை அடைக்கும் அந்த அதிகாரம் 1894இல்தான் சட்டத்தால் பறிக்கப்பட்டது.

பிராட்லி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வரைந்தது ஒரு பையனின் கதை. ஆனால் அந்தக் கண்டிப்பைப் பெருந்தன்மை என்று நீங்கள் சொல்லும்போது எலிசபெத் ஹோவ்தான் நினைவுக்கு வருகிறாள், மனம் ஆறவில்லை. உங்கள் வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டுவதானால் அவள் பெயரையும் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். மீம் போட்ட பையன்களை விட்டுவிடச் சொல்லி கமிட்டியிடம் பேசுங்கள். அதில் நான் முழுக்க உங்கள் கட்சிதான்.