மண்ணுக்குள் இருந்தால் வேரா?

வேர்கள் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

பனங்கிழங்கு, உருளைக்கிழங்கு, நிலக்கடலை மூன்றையும் வேர் என்று எழுதினேன். டீச்சர் மூன்றுக்கும் தப்புப் போட்டுவிட்டார். மண்ணுக்குள்தானே இருக்கின்றன?
– ஏழாம் வகுப்பு மாணவர், தேவகோட்டை

டீச்சர் போட்டது சரிதான் தம்பி. மண்ணுக்குள் கிடப்பதெல்லாம் வேராகிவிடாது. வேருக்குக் கணு கிடையாது, இலை கிடையாது, இலை உதிர்ந்த தழும்பும் கிடையாது. உருளைக்கிழங்கின் 'கண்'களைப் பார். ஒவ்வொன்றும் ஒரு கணு, உள்ளே மொட்டு. ஆகவே அது தண்டு. இஞ்சியிலும் மஞ்சளிலும் வளையம் வளையமாகத் தெரிவது செதில் இலைகள் ஒட்டியிருந்த இடம். அவையும் தண்டுதான்.

நிலக்கடலை, காய். பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கும். கருவுற்றதும் பூவின் அடியிலுள்ள காம்பு விழுது போல நீண்டு மண்ணுக்குள் இறங்கும்; அது வேர் அல்ல. அதன் நுனியில் காய் முற்றும்.

பனங்கிழங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். வெந்த கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார். நடுவில் மெலிதாக ஒரு குருத்து ஓடும். அது பனையின் இளம் இலை. அதைச் சுற்றியுள்ள சதை, முளையின் இலையடிப் பகுதி தடித்து மாவுச்சத்தைச் சேர்த்து வைத்தது. வேர் கீழ்முனையிலிருந்து கிளம்பும். விற்பனைக்கு வருமுன் அதை அரிந்துவிடுவார்கள்.

அப்படியானால் உண்மையான வேர்க்காய்கறி எது? கேரட், முள்ளங்கி, பீட்ரூட் மூன்றும் தடித்த ஆணிவேர். (முள்ளங்கி, பீட்ரூட் தலைப்பகுதியில் தண்டின் அடியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பரீட்சையில் அதையெல்லாம் இழுக்காதே, வேர் என்றே எழுது.) சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் கொடியின் கணுவிலிருந்து புறப்பட்டதால் வேற்றிட வேர்.

எங்கள் கறிவேப்பிலை மரத்துக்கு மூன்றடி தள்ளிப் புதுக் கன்று முளைத்திருக்கிறது. பழம் எதுவும் விழவில்லையே?
– கோட்டையூர் வாசகி

தாய்மரத்தின் வேரிலிருந்து வந்த கன்று அது. வேரில் மொட்டு இராது என்பதற்கு கறிவேப்பிலை ஒரு விலக்கு. அப்படியே பிடுங்கி நட்டால் வாடிவிடும்; ஏனென்றால் அதுவரை தாய்வேர் தரும் தண்ணீரைத்தான் அது குடித்திருக்கும். மழை ஈரத்தில், கன்றுக்கு இருபுறமும் அரையடி தள்ளித் தாய்வேரை வெட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். சொந்த வேர் விட்டு, புதுத்துளிர் வந்த பிறகு மண்கட்டியோடு எடுங்கள்.

வேர் நுனியில் வளருமா, அடியில் வளருமா? வீட்டில் சோதித்துப் பார்க்கக் கொண்டைக்கடலையை ஈரத்துணியில் கட்டி வைத்தேன். வேரில் வெள்ளைப் பூசணம் வந்ததால் கொட்டிவிட்டேன்.
– எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

கொட்டியிருக்க வேண்டாம்! அது பெரும்பாலும் வேர்த்தூவிதான். நுனிக்குச் சற்று மேலே, வேரைச் சுற்றி ஒரே சீராக வெல்வெட் போல நின்றால் வேர்த்தூவி. பூசணமானால் விதைத்தோலிலும் நூலாம்படையாகப் படரும், புளித்த வாடையும் அடிக்கும். ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி. தண்ணீரையும் தாது உப்பையும் அதிகம் உறிஞ்சுவது இந்தப் பகுதிதான். காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் சுருண்டுவிடும். நாற்றைப் பிடுங்கி வெயிலில் போட்டு வைத்தால் பிழைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 1937இல் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நான்கு மாத ரை தானியச் செடி ஒன்றின் வேர்களை அளந்து கணக்கிட்டார். மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல்: காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பும் வழியில் பாதி தூரம்.

இனி உன் சோதனை. பத்துக் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டு. இரண்டு மூன்று நாளில் வேர் 2 செ.மீ. நீண்டுவிடும். நேராக வந்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடு. இந்தியன் இங்க்கில் தொட்ட தையல் நூலால், நுனியிலிருந்து மேல்நோக்கி 2 மி.மீ.க்கு ஒரு கோடு வை. மார்க்கர் பேனா வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் வேரைக் கருக்கிவிடும். கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரமான உறிஞ்சுதாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கடலையைச் செருகு. நுனி கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் போதும். கடலை மூழ்கினால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

மறுநாள் பார்த்தால் நுனியை ஒட்டிய ஓரிரு கோடுகள் மட்டும் விலகியிருக்கும். மேலே உள்ளவை போட்ட இடத்திலேயே நிற்கும். நுனியில் வேர்மூடி, அதையடுத்துச் செல்கள் பிரியும் இடம், அதற்கு மேல் அவை நீளும் இடம். எல்லாம் சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு டம்ளரை அசையாமல் படுக்கவைத்துப் பார். ஒரே நாளில் நுனி கீழே வளையும். வேர்மூடிச் செல்களுக்குள் இருக்கும் கனமான மாவுமணிகள் அடிப்பக்கம் சரிவதால்தான் வேருக்குத் திசை தெரிகிறது.

ஆலமரத்தின் தாய்மரம் செத்துப்போனால் மரம் முழுவதும் போய்விடுமா?
– பள்ளத்தூர் மாணவர்

போகாது. விழுதும் வேற்றிட வேர்தான். மண்ணைத் தொட்டுத் தடித்தபின் தூணாகவும் நிற்கும், தண்ணீரும் ஏற்றும். கொல்கத்தாவை அடுத்த ஹவுராத் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் அழுகிய தாய்மரத்தை 1925இல் அகற்றினார்கள். மரம் இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது.

நெல் வேர் தண்ணீரிலேயே நின்றும் ஏன் அழுகுவதில்லை? செம்மண் வயலில் வேர் துருப்பிடித்தது போல இருக்கிறதே, நோயா?
– பொன்னமராவதி மாணவர்

நெல்லின் இலையிலிருந்து வேர் வரை உள்ளே காற்றறைகள் உண்டு. மேலிருந்து ஆக்சிஜன் இறங்கும். அதில் கொஞ்சம் வேருக்கு வெளியே கசிந்து, மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து துருவாகப் படியும். நோய் அல்ல. புது வேர் வெள்ளையாகவும் பழைய வேர் செம்பழுப்பாகவும் இருப்பது நல்ல அறிகுறி. வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை வந்தால்தான் கவலை. அப்போது தண்ணீரை வடித்துச் சில நாள் காயவிடச் சொல்.

பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அரசங்கன்று. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. உப்புப் போடலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

உப்பு வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்புக்குள் ஊறி, காயும்போது படிகமாகிப் பூச்சைப் பொரியவைத்துவிடும். பறவை எச்சத்தில் வந்த விதை விரிசலில் முளைக்கிறது. வேர் ஈரத்தைத் தேடி உள்ளே இறங்கித் தடிக்கத் தடிக்க விரிசல் அகலும். மேலே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். விரல் பருமனுக்குள் இருக்கும்போதே, நல்ல மழைக்கு மறுநாள், சுற்றிலும் உள்ள காரையைக் கிளறி வேரோடு எடுத்துவிட வேண்டும். துவாரத்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். வேர் கையளவு தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், சுவரும் கூடவே வரும். கைதேர்ந்த கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள்.

தட்டைப்பயறு வேரிலும் கத்தரி வேரிலும் முண்டு முண்டாக இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– திருப்பத்தூர் மாணவி

இல்லை. பயறில் இருப்பது ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வேர்முண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் நெருடினால் உதிரும். நசுக்கிப் பார், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. கத்தரியில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. அது நூற்புழு என்ற நுண்புழுவின் வேலை. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அதே பாத்தியில் அடுத்தமுறை தக்காளியோ கத்தரியோ வைக்காமல் செண்டுமல்லி போடச் சொல்.