அப்பாவின் துப்பாக்கி பீரோவில் இருக்கலாமா?

கேள்வி: சீர்காழி வட்டத்தில் விவசாயம் செய்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். 1986-ல் தஞ்சாவூர் ஆட்சியர் வழங்கிய உரிமத்தில் அவர் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியும் சில தோட்டாக்களும் பீரோவில் உள்ளன. வயலில் மயில், பன்றித் தொல்லை இருக்கிறது. உரிமத்தை என் பெயருக்கு மாற்றலாமா? அம்மா, தங்கை, சிங்கப்பூரில் ஒரு தம்பி இருக்கிறார்கள்.

பதில்: பெயர் மாற்றம் இருக்கட்டும், முதலில் துப்பாக்கி உங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். துப்பாக்கி அப்பாவின் சொத்து, அது வாரிசுகளுக்கு வரும். உரிமம் சொத்தல்ல, அது அவரோடு முடிந்துவிட்டது. உயிலில் உங்கள் பெயர் இருந்தாலும் இதுதான் நிலை. உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'அப்பாவுடையதுதானே' என்ற பதில் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நீங்களே பைக்கில் எடுத்துப் போகாதீர்கள். இறப்புச் சான்றிதழ், பழைய உரிமத்தின் நகலுடன் இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுத்து, எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், தயாரிப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். குழலில் உள்ள எண் உரிமத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள். ஒற்றை இலக்கம் மாறியிருந்தாலும் பின்னால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். ஒப்படைத்துவிட்டு மறந்தும் விடாதீர்கள்: விதித்த காலத்துக்குள் உரிமம் பெற்று மீட்காமலோ, உரிமம் உள்ளவருக்கு விற்காமலோ விட்டால் அரசு பறிமுதல் செய்யலாம்.

அடுத்து விண்ணப்பம். 2016 ஆயுத விதிகளின் 25-வது விதி, வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. ஆனால் தானாகக் கிடைத்துவிடாது. உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் அறிக்கை பாதகமாக இருக்கக் கூடாது. ஏ-1 படிவத்துடன் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், உடல், மனநலத் தகுதிக்கான மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை வையுங்கள். தம்பி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். பெரும்பாலும் தாமதமாவது இந்த ஒரு தாளால்தான்.

உங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1991-ல் சீர்காழி நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020-ல் மயிலாடுதுறைக்கு. விண்ணப்பம் மயிலாடுதுறை ஆட்சியரிடம்தான். பழைய கோப்பு எங்கே இருக்கிறதென்று மூன்று ஆட்சியர் அலுவலகங்களிலும் கேட்க வேண்டியிருக்கலாம். அப்பாவின் உரிமத்துக்குத் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் (யு.ஐ.என்.) உள்ளதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவர் காலத்திலேயே அது செல்லாததாகி இருக்கலாம். அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கி மறுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் கிடைத்தாலும் மயிலைச் சுடவே முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. காட்டுப்பன்றி என்றாலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் விசையில் விரல் வைக்காதீர்கள்.