எம்பி எப்படி வாக்களித்தார்? கேள்வி பதில்

எம்பி தன் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் இருபது ஆண்டுகள் தொண்டூழியராக இருந்து அவர்களுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறேன். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சார்டைப் படிப்பது அதைவிடப் பழைய பழக்கம். எம்பிக்கள் வாக்களிப்பது பற்றியும் தொகுதி மக்களோடு அவர்கள் பேசுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஈசூன் வாசகி: ஒவ்வொரு மசோதாவுக்கும் என் எம்பி எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் எங்கே கிடைக்கும், ஐயா?

அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடையாதம்மா. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அவையை நடத்தும் நாடாளுமன்ற நாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று நாயகர் அறிவிப்பார். அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று ஹன்சார்டில் பெயர் இருக்காது.

பெயர் வாரியாகப் பதிவாக வேண்டுமென்றால் தலை எண்ணும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். அதைக் கோர, குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஐந்து பேர் சேராவிட்டால், எதிர்ப்பவர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2020 முதல் 2025 வரை சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு மன்றத்தில் இருவர்தான். அவர்கள் தனியாக நின்று தலை எண்ணச் சொல்ல முடியாது.

அரசமைப்புச் சட்டத் திருத்தம் மட்டும் வேறு. நியமன உறுப்பினர்களை, அதாவது தேர்தலின்றி நியமிக்கப்படுபவர்களை, விட்டுவிட்டு மற்ற உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும். 2016 நவம்பரில் அதிபர் தேர்தல் முறையை மாற்றியபோது 77 பேர் ஆதரித்தார்கள், 6 பேர் எதிர்த்தார்கள். சாதாரண மசோதாக்களிலும் தலை எண்ணிய நாள்கள் உண்டு. பொஃப்மா எனப்படும் இணையப் பொய்ச் செய்திச் சட்டம் 2019 மே 8ஆம் தேதி 72க்கு 9 என்று நிறைவேறியது, நியமன உறுப்பினர்கள் மூவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 2021 அக்டோபரில் வெளிநாட்டுத் தலையீட்டுச் சட்டம் 75க்கு 11, ஒதுங்கியவர் இருவர். இந்த நாள்களின் ஹன்சார்டில் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

பிடோக் வாசகர்: "உங்கள் எம்பி இதற்கெல்லாம் தலையாட்டினார்" என்று பத்துச் சட்டங்களுக்கு டிக் போட்ட படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?

ஒவ்வொன்றுக்கும் தலை எண்ணினார்களா என்று பாருங்கள். எண்ணவில்லை என்றால் அந்த டிக்கைப் போட்டவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கட்சி ஆதரித்தது என்று சொல்லலாம். இன்னார் வாக்களித்தார் என்று சொல்லக் கூடாது, அவர் அன்று வெளிநாட்டில்கூட இருந்திருக்கலாம்.

தெம்பனிஸ் வாசகி: எங்கள் எம்பி ஓர் அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கச் சொன்னதாக ஹன்சார்டில் படித்தேன். நூறு வெள்ளிக்காகவா ஒரு பேச்சு?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனித்தனியாக விவாதிப்பார்கள். அப்போது பேச வாய்ப்பு வேண்டும் என்றால் வெட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். "இந்த அமைச்சுக்கான தொகையில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும்" என்பது அதன் வழக்கமான வாசகம். பணம் அங்கே விஷயமே இல்லை. அந்த வாசகத்தை வாசலாக வைத்து முதியோர் பராமரிப்பு, பள்ளிப் பேருந்து, துப்புரவாளர் சம்பளம் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அமைச்சர் பதில் சொன்னதும் தீர்மானத்தை மீட்டுக்கொள்வார்கள். "எங்கள் எம்பி பட்ஜெட்டை வெட்டப் பார்த்தார்" என்று யாராவது எழுதினால் அவர் இதைத்தான் தவறாகப் படித்திருப்பார். அந்த வெட்டின் தலைப்பைப் பாருங்கள், உங்கள் எம்பியின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அதில் தெரியும்.

பொங்கோல் வாசகர்: பொருள், சேவை வரி உயர்வுக்கு என் எம்பி எப்படி வாக்களித்தார்? ஒரு படம் வந்தது...

படத்தை விட்டுவிட்டு 2022 நவம்பர் ஹன்சார்டைத் திறந்து பாருங்கள். பிடோக் நண்பருக்குச் சொன்னதேதான்.

உட்லண்ட்ஸ் வாசகி: எங்கள் மாடியில் மின்தூக்கி அடிக்கடி நிற்கிறது. எம்பி பதிலே போடவில்லை.

நகர மன்றத்துக்கு அழையுங்கள். அதற்கு அவசர எண் இருக்கிறது.

ஜூரோங் வாசகர்: அண்ணே, கொறடா இருக்கும் நாட்டில் வாக்குப் பதிவைப் பார்ப்பதே வீண்வேலை. கட்சி சொன்னபடி கை தூக்குகிறார்கள். இதில் எம்பிக்கு எம்பி என்ன வித்தியாசம்?

பாதி சரி, தம்பி. கொறடா கட்டுப்படுத்தும்போது ஒருவர் போட்ட வாக்கை வைத்து அவர் மனத்தை அளக்க முடியாது. அதனால்தான் கொறடா விலகும் நாள், அதாவது அவரவர் விருப்பப்படி வாக்களிக்கக் கட்சி விட்டுவிடும் நாள், முக்கியம். 2022 நவம்பர் 29ஆம் தேதி ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் வாக்கெடுப்பில் ஆளும் மக்கள் செயல் கட்சி கொறடாவை விலக்கவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி விலக்கியது, அதன் வாக்குகள் பிரிந்தன. ஆதரவு 93, எதிர்ப்பு 3. அன்று பேசியவர்களின் உரைகளை வரிவரியாகப் படித்தால் ஒவ்வொருவர் குரலும் தனியாகக் கேட்கும்.

மற்ற நாள்களில் கேள்விகளைப் பாருங்கள். ஓர் அமர்வுக்கு ஓர் எம்பி ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். எதைக் கேட்பது என்பது பெரும்பாலும் அவரவர் தேர்வு. 2025 வரை எம்பியாக இருந்த லூயிஸ் இங் ஆளுங்கட்சிக்காரர்தான். குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்குக் கூடுதல் விடுப்பு வேண்டும் என்று எத்தனை முறை எழுந்து கேட்டார் என்று தேடிப் பாருங்கள். வாக்குப் பட்டியலில் அது தெரியவே தெரியாது.

ஜூரோங் வாசகர் மீண்டும்: கேள்வி கேட்பது சுலபம் அண்ணே. சட்டம் ஆவது வாக்கில்தான்.

தோ பாயோ வாசகர்: ஜூரோங் நண்பர் சொல்வதே சரி. கேள்வியால் என்ன மாறியது?

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் எங்கிருந்து வந்தது? எந்த அமைச்சும் கொண்டுவரவில்லை. கட்சியே இல்லாத நியமன உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது, 1995இல் நிறைவேறியது. 2020இல் வனவிலங்குச் சட்டத் திருத்தமும் லூயிஸ் இங் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான். இவை அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்திருக்கின்றன.

இன்னொன்று, நான் கண்ணால் பார்த்தது. ஒரு திங்கட்கிழமை இரவு ஒன்பதரை மணி. புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒட்டிய வரிசை எண்கள். வயதான தமிழ் அம்மா ஒருவர் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பையைத் திறந்தார். உள்ளே ஒரே விஷயத்துக்கு வந்த மூன்று மறுப்புக் கடிதங்கள், மூன்றும் ஆங்கிலத்தில். "என்னம்மா எழுதியிருக்கு என்று யாராவது படித்துச் சொன்னார்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். நான்காவது கடிதத்தை நான் எழுதினேன், எம்பி கையெழுத்திட்டார். அதற்கும் மறுப்புதான் வந்தது. அடுத்த மாதம் அந்த எம்பி, பெயர் சொல்லாமல், இதே நிலையில் உள்ள முதியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்படுகிறதா என்று நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டார். அந்த அம்மாவின் கேள்வி பதிவில் இருக்கிறது. அதை வீண்வேலை என்று என்னால் சொல்ல முடியாது, தம்பி.

செங்காங் வாசகி: எம்பி தமிழில் பேசியதாகச் சொன்னார்கள். ஹன்சார்டில் ஆங்கிலம்தானே இருக்கிறது?

மன்றத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் பேசலாம். அரசமைப்புச் சட்டமே அதைச் சொல்கிறது. ஹன்சார்டில் அந்த இடத்தில் "தமிழில்" என்ற குறிப்போடு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும். தமிழ் மூலம் தனிக் கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து படியுங்கள், மொழிபெயர்ப்பில் போகும் சூடு அதில் இருக்கும். 2021 ஜனவரி முதல் அமர்வுகள் நேரலையாகவும் வருவதால் காதாலும் கேட்கலாம்.

அங் மோ கியோ வாசகர்: என் தம்பியின் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. எம்பியிடம் கடிதம் வாங்கலாமா?

நீதிபதிக்கு எம்பி கடிதம் எழுதக் கூடாது. சட்ட உதவி அலுவலகத்தைக் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: அந்தப் படத்தில் உள்ள சட்டங்களுக்கு என் எம்பி...

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. தலை எண்ணினார்களா? முதலில் அதைப் பாருங்கள்.

ஈசூன் வாசகி மீண்டும்: ஐயா, வருகைப் பதிவாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஒவ்வொரு நாள் ஹன்சார்டின் தொடக்கத்திலும் வந்தவர், வராதவர் பெயர்கள் இருக்கும். எவ்வளவு நேரம் இருந்தார் என்று அதில் தெரியாது. அமர்வு நடக்கும் இரண்டு மாதங்கள் தொடர்ந்து, நாயகரின் அனுமதியின்றி வராவிட்டால் பதவியே போய்விடும்.

ஜூரோங் வாசகர்: சரி அண்ணே. எம்பிக்கு எழுதினால் என்ன கேட்கலாம்?

"ஏன் ஆதரித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டால் கட்சி அறிக்கைதான் திரும்பி வரும். இந்தத் தேதியில், இந்த மசோதாவில், இன்ன பிரிவைப் பற்றி நீங்கள் பேசினீர்களா, பேசாவிட்டால் என் சிரமத்தை அடுத்த அமர்வில் கேள்வியாக எழுப்புவீர்களா என்று கேளுங்கள். கீழே உங்கள் புளோக் எண்ணைப் போடுங்கள். அவர் தொகுதிக்காரர் என்று தெரிய வேண்டும்.